சேவையர் தவரத்தினம் குடிக்காத தேநீர்

பாரிசில் லா சப்பலுக்குப் பின்தெருவில் ஒரே அறைக்குள் பலபேர் முடங்கிக்கிடந்த காலம் அது. யார் எங்கே படுப்பது என்று ஒவ்வொரு நாளும் சச்சரவு. அங்கே இருந்தவர்களில் தவரத்தினம் அண்ணை ஊரில் சேவையராக, அதாவது காணி அளப்பவராக இருந்தவர் என்று தெரிந்ததும், அறையைப் பங்குபோடும் வேலையை எல்லோரும் அவரிடமே கொடுத்தார்கள். அவர் ஒரு நூலையும் சோக்குக் கட்டியையும் எடுத்து நிலத்தைச் சரிசமமாகக் கோடு போட்டுப் பிரித்தார். பிறகு கதவோடு ஒட்டின பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டார். வேலைக்குப் போகிறவனும் வேலை முடிந்து வருகிறவனும் கதவைத் திறந்தால் அது அவர் காலில்தான் இடிக்கும்.

நான் கடைசியாக வந்து சேர்ந்தவன். மாரி காலம், கடுங்குளிர். எனக்குச் சூடு வரும் குழாய்க்குப் பக்கத்து இடம் கிடைத்தது.

"எனக்கு உந்தச் சூடு ஒத்துவராது, தம்பி. நீர் அங்கை படும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் ஒன்றின்மேல் ஒன்றாகக் காலுறை போட்டுக்கொண்டு படுப்பதைப் பிறகுதான் கண்டேன்.

அண்ணை அச்சுவேலிப் பக்கத்தவர். தியத்தலாவையில் நில அளவை படித்துவிட்டு, அரசாங்க வேலையில் வன்னிக் காடுகளுக்குள் குளங்களையும் குடியேற்றக் காணிகளையும் அளந்து திரிந்தவர். பிறகு அந்த வேலையை விட்டு, யாழ்ப்பாணத்தில் லைசன்ஸ் எடுத்துத் தனியாகத் தொழில் செய்தார். அங்கே சேவையருக்கு வேலை என்றால் பெரும்பாலும் பங்கு பிரிப்புத்தான். தகப்பன் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலி தள்ளிப் போட்டுவிட்டான் என்று இரண்டு பக்கத்தாரும் கத்தியோடு நிற்பார்கள்.

இந்தத் தொழிலில் அவர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார் என்பதை வெகுகாலத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். அளக்கப் போன இடத்தில், எல்லைக்கல் போட்டு முடியும்வரை, எந்தப் பகுதியாரிடமும் வாய் நனைக்கமாட்டார். குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோவார். இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தாலும், "கல்லுப் போட்டாப்பிறகு குடிப்பம்" என்பார். தொழில் தொடங்கின புதிதில் அவர் அப்படி இருக்கவில்லை. ஒரு காணியில் தமையன் வீட்டு மோரைக் குடித்துவிட்டு அளந்தாராம். அளவில் பிழையில்லை. ஆனால் தம்பிக்காரன் அதை ஏற்கவில்லை. "இவர் என்ரை காணியை அளக்கேல்லை ஐயா, அண்ணன்ரை மோரைத்தான் அளந்தவர்" என்று நீதிமன்றத்தில் நீதவானுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். நீதிமன்றமே சிரித்ததாம். வழக்கு அதன்பிறகு எத்தனையோ வருடம் இழுபட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் யாரிடமும் குடிக்கவில்லை.

இந்தியன் ஆமி வந்த வருடம், கோண்டாவிலில் ஒருவர் தன் காணியை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரிக்க அவரைக் கூப்பிட்டார். வீட்டுப் பக்கம் மகள் றஜனிக்குச் சீதனம். மற்றப் பக்கம் மகன் ஐங்கரனுக்கு. அண்ணை அளந்தார், மரமுளை அடித்தார், அடுத்த கிழமை வந்து கல்லுப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அடுத்த கிழமை வரவில்லை. செல் விழுந்தது, ஊர் எழும்பி ஓடியது. அளந்து எழுதினதெல்லாம் எரிந்துபோனது. முளைகளை யாரோ அடுப்பில் வைத்திருப்பார்கள். தகப்பன் இடம்பெயர்ந்து இருந்த இடத்திலேயே காலமானார்.

அண்ணையையும் ஆமி ஒருதரம் பிடித்தது. சேவையர்மார் வைத்துப் பார்க்கும் அந்த முக்காலிக் கருவியை அவர்கள் ஏதோ ஆயுதம் என்று நினைத்தார்களாம். விட்ட பிறகு அவர் அச்சுவேலியில் தங்கவில்லை. கொழும்புக்கு வந்து, அப்படியே பாரிசுக்கு வந்து சேர்ந்தார். மனைவி தில்லைநாயகி அக்கா சில வருடம் கழித்து வந்தார். மகன் சஞ்சீவன் இங்கே பிறந்தவன்.

எல்லோரையும் போல அவரும் முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். பப்பியே, அதாவது வதிவிட அனுமதி, கிடைத்த பிறகு, பாரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் யானிக் என்ற பிரெஞ்சுச் சேவையரிடம் வேலைக்குச் சேர்ந்தார். யானிக் கருவியில் பார்ப்பார், அண்ணை தூரத்தில் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஊரில் சேவையராக இருந்தவர் இங்கே கோல் பிடிக்கிறாரே என்று நாங்கள் கேட்டோம்.

"ஊரிலை எனக்குக் கோல் பிடிச்சவன் பாட்டுப் பாடிக்கொண்டு நிண்டவன். நான்தான் தலையிடியோடை திரிஞ்சன். இப்ப யானிக்குக்குத் தலையிடி" என்றார்.

ஓய்வு எடுக்கும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். வீட்டுக்காரர் கோப்பி கொடுத்தால் யானிக் வாங்கிக் குடிப்பார், இவர் குடிக்கமாட்டார். யானிக்குக்கு அது பெரிய பகிடி. "ஒரு கோப்பிக்காக நான் எல்லைக்கோட்டை ஒரு விரல் அகலமும் நகர்த்தமாட்டேன், தவா" என்பாராம்.

"அது உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யன்னலாலை பாத்துக்கொண்டு நிக்கிற பக்கத்து வீட்டு மனிசிக்குத் தெரியுமோ?" என்று இவர் திருப்பிக் கேட்பாராம்.

கோண்டாவில் காணியின் இரண்டு பகுதியாரும் அதற்குள் பாரிசுக்கே வந்துவிட்டார்கள். ஐங்கரன் லா சப்பலில் பலசரக்குக் கடை போட்டான். பூவும் கற்பூரமும் விற்கிற என் சின்னக் கடைக்கு நேரே எதிரில் அவன் கடை. றஜனி அக்கா கணவனோடும் மகள் சாம்பவியோடும் செவ்ரான் புறநகரில் இருந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை.

யுத்தம் முடிந்து ஊருக்குப் போய்வரலாம் என்றானதும் அக்காவும் தம்பியும் போய்க் காணியைப் பார்த்தார்கள். வேலி இல்லை, முளை இல்லை, பற்றைதான் இருந்தது. கிணறு தன் பக்கம் என்றார் அக்கா. தன் பக்கம் என்றான் தம்பி. திரும்பி வரும்போது பிளேனில் தள்ளித் தள்ளி இருந்து வந்தார்களாம். அதன்பிறகு பேச்சில்லை. இரண்டு பேரும் தனித்தனியே அண்ணையிடம் வந்து, அன்றைக்கு முளை எங்கே அடித்தீர்கள் என்று கேட்டார்கள்.

"படமும் இல்லை, கல்லும் இல்லை. வாயாலை எல்லை சொல்லுற பழக்கம் எனக்கில்லை" என்று இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்.

அக்காவுக்கு அவர் தம்பியின் ஆளாகத் தெரிந்தார். தம்பிக்கு அவர் அக்காவின் ஆளாகத் தெரிந்தார்.

அண்ணையின் கணக்கில் அந்த வேலை முடியவில்லை. ஆகவே அந்த இரண்டு பகுதியாரிடமும் அவர் ஒன்றும் வாங்கவும் இல்லை, உண்ணவும் இல்லை. கோவிலில் ஐங்கரனின் உபயம் வந்தால் சுவாமி கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு, அன்னதானத்துக்கு நிற்காமல் போய்விடுவார். பாரிசில் இதை யாரிடமும் அவர் விளக்கிச் சொன்னதில்லை. தில்லைநாயகி அக்காவுக்கு மட்டும் தெரியும். அவரும் அது ஊரோடு போன கதை என்று நினைத்திருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் சஞ்சீவனும் றஜனி அக்காவின் மகள் சாம்பவியும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். எங்கே சந்தித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் பிரெஞ்சில்தான் கதைத்துக்கொள்வார்கள். றஜனி அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. தகப்பன் தம்பியின் ஆள் என்ற குறை இருந்தாலும், பெடியன் நல்ல பெடியன் என்று சொல்லிப் பேச்சுக்கு அழைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணையும் தில்லைநாயகி அக்காவும் சஞ்சீவனும் செவ்ரானுக்குப் போனார்கள். அங்கே நடந்ததைத் தில்லைநாயகி அக்காதான் எனக்குச் சொன்னார். றஜனி அக்கா தேநீரும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார்.

"எடுங்கோ அண்ணை."

"இருக்கட்டும், தங்கச்சி."

"சீனி போடேல்லை. உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு பிள்ளை சொன்னவள்."

"அதில்லை. பேந்து குடிப்பம்."

"அப்ப தண்ணியெண்டாலும் குடியுங்கோவன்."

"இப்ப வேண்டாம், தங்கச்சி."

சஞ்சீவன் பிரெஞ்சில் தகப்பனிடம் ஏதோ சொன்னான். சாம்பவி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் குடித்தார்கள். அண்ணையின் கோப்பை ஆறி, மேலே ஆடை படிந்து, அப்படியே இருந்தது.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமல் எழும்பினால் அதற்கு ஒரு அர்த்தம்தான். உங்களை எங்களுக்குச் சமமாக எண்ணவில்லை என்பது. அதை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. றஜனி அக்கா அவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். கதவைச் சாத்தினதும் கணவனிடம், "எங்கடை வீட்டுத் தண்ணி அவருக்கு இறங்காதாம். அப்பிடிப்பட்ட வீட்டுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது" என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் தில்லைநாயகி அக்கா அண்ணையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் காணிக் கதை ஊரோடை முடிஞ்சுது. நீங்கள் இன்னும் அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியளே?"

"கல்லுப் போடேல்லை."

"கல்லு. உங்கடை தலைக்குள்ளைதான் கல்லு. அதையெண்டாலும் அங்கை சொல்லியிருக்கலாமெல்லோ?"

"சொன்னால்? என்ரை பெடியன்ரை கலியாணத்துக்காக நீங்கள் காணிச் சண்டையை முடியுங்கோ எண்டு கேட்ட மாதிரிப் போயிடும். அதுக்காக ஒரு பகுதி விட்டுக்குடுத்தால், பேந்து சாகுமட்டும் என்னைத்தான் சொல்லும்."

"அப்ப பெடியன்ரை கலியாணம்?"

அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தில்லைநாயகி அக்கா மனம் கேட்காமல் மறுநாள் றஜனி அக்காவுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னார். அந்தப் பக்கம் நம்பவில்லை. "எந்தக் காலத்துக் காணிக்கு இப்ப தேத்தண்ணி குடியாமல் இருக்கிறதோ? அக்கா, நல்லாய்ச் சோடிச்சிருக்கிறியள். வேறை ஆருக்கும் சொல்லுங்கோ" என்று போனை வைத்துவிட்டார்.

பேச்சு நின்றது. சாம்பவி தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சஞ்சீவன் தகப்பனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தேவையானதைத் தாய்மூலம் சொன்னான். அண்ணை வழக்கம்போல மத்தியானம் கழிய என் கடைக்கு வருவார். என்னிடம் பிளேன்ரீ குடிப்பார், ரோல்ஸ் தின்பார். அந்த மாதங்களில் ரோல்சைப் பாதி தின்றுவிட்டுப் பேப்பரில் சுற்றிப் பையில் வைப்பார். "அம்மாளாச்சி விட்ட வழி" என்று நான் சொன்னால் தலையாட்டுவார். பிழை செய்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. பிள்ளையில் குறையும் சொல்லவில்லை.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் றஜனி அக்கா பூ வாங்க என் கடைக்கு வந்தார். தம்பியின் கடை எதிரில் இருப்பதால் எப்போதும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் வருவார், பார்க்காமல்தான் போவார். நான் மல்லிகைச் சரம் எடுத்துக்கொண்டிருந்த நேரம், அண்ணை எதிர்ப்பக்க நடைபாதையால் வந்தார். கையில் வேறு கடைப் பை. ஐங்கரன் வாசலில் நின்று வெண்டிக்காய்ப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"என்ன சேவையர், எங்கடை வாசலிலை பாம்போ படுத்திருக்கு?" என்று அவன் கேட்டது தெருவுக்கே கேட்டது. "இவ்வளவு வருசத்திலை ஒரு தீப்பெட்டி எண்டாலும் வாங்கியிருப்பியளோ? எங்கடை சாமானிலை தீட்டோ?"

"கடை நல்லா நடக்கட்டும், தம்பி" என்றார் அண்ணை.

"நடக்குது, நடக்குது. உங்களாலை இல்லை."

அண்ணை சிரித்த முகத்தோடு மெத்ரோ ரயில் நிலையப் பக்கம் நடந்தார். றஜனி அக்கா பூவைக் கையில் வாங்காமல் நின்றார்.

"தம்பி, இவர் அவன்ரை கடையிலை வாங்கிறேல்லையோ?"

"நான் கடை திறந்த நாளிலையிருந்து காணேல்லை, அக்கா."

"ஒண்டுமோ?"

"ஒரு வெள்ளைப்பூடும் இல்லை. அரிசிக்குக்கூடச் சந்தி தாண்டித்தான் போறவர். அவர் உங்கடை ஆள் எண்டதாலை எண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான்."

அவர் அண்ணை போன பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, தகப்பன் உயிரோடு இருந்தபோது அண்ணை காணி அளக்க வந்த நாளைச் சொன்னார். தகப்பன் தானே மரத்தில் ஆளேற்றிச் செவ்விளநீர் பிடுங்குவித்து வெட்டிக் கொடுத்தாராம். கல்லுப் போட்டாப்பிறகு குடிப்பம் என்று இவர் சொல்லிவிட்டாராம். "வெட்டின இளநியைக் கடைசியிலை நான்தான் குடிச்சனான். அப்ப ஒண்டும் விளங்கேல்லை. தில்லைநாயகி அக்கா சொன்னது மெய்தான்" என்றார்.

பூவை என் மேசையிலேயே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து போனார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அந்தக் கடை வாசலில் ஏறினது அன்றைக்குத்தான். உள்ளே கதைத்ததை ஐங்கரன் பிறகு எனக்குச் சொன்னான்.

"நீ ஏன் அந்த மனிசனை ஏசுறாய்?" என்றுதான் அக்கா தொடங்கினாராம்.

"உங்கடை ஆளை ஏசினால் உங்களுக்குச் சுடத்தானே செய்யும்."

"என்ரை ஆளோ? என்ரை வீட்டிலை பச்சைத்தண்ணி குடிக்கேல்லை."

ஐங்கரன் வெண்டிக்காயைக் கீழே வைத்தானாம். "அப்ப அவர் ஆரின்ரை ஆள்?"

"ஒருத்தற்றை ஆளும் இல்லையடா. அப்பா குடுத்த வேலை முடியேல்லை எண்டு இருக்கிறார், விசரா. நாங்கள் ரண்டுபேரும்தான் அதை முடிய விடேல்லை."

அன்று மாலை அக்காவும் தம்பியும் சேர்ந்து ஓல்னேக்கு அண்ணையின் வீட்டுக்குப் போனார்கள். கலியாணத்துக்கு அக்கா சம்மதம் சொன்னார். பிறகு, காணியை அவரே வந்து அளந்து முடித்துத் தரவேண்டும் என்று இருவரும் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். லைசன்சும் இல்லை, அதோடு ஒரு பகுதிக்குச் சம்பந்தியாகப் போகிறவர் அளப்பது சரியில்லை என்றார். இருவருக்கும் பொதுவாக யாழ்ப்பாணத்தில் ஒரு இளம் சேவையரைப் பிடியுங்கள், நான் வந்து பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கிறேன் என்றார். அந்தச் சேவையர் எங்கே கோடு போட்டாலும் மறுபேச்சில்லை என்று இருவரும் சுவாமிப் படத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்களுக்குத் தில்லைநாயகி அக்கா தேநீர் போட்டுக் கொடுத்தார். கல்லு இன்னும் போடவில்லை என்று, அண்ணை அவர்களோடு இருந்து குடிக்காமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

ஆவணியில் மூவரும் கோண்டாவிலுக்குப் போனார்கள். பற்றை வெட்டி, அயல் காணிகளின் பழைய கற்களைத் தேடிப் பிடித்து, இளம் சேவையர் அளந்தார். சரிபாதியாகப் போன கோடு கிணற்றுக் கட்டின் நடுவே போய் விழுந்தது. எந்தப் பக்கம் விலத்துவது என்று சேவையர் கேட்டார். அண்ணை வாய் திறக்கவில்லை. றஜனி அக்கா தம்பியைப் பார்த்தார். ஐங்கரன், "கிணத்தை வெட்டேலாது. ரண்டு பேருக்கும் பொதுவாய் இருக்கட்டும். கல்லை இஞ்சாலை ஒண்டு, அங்காலை ஒண்டு போடுங்கோ" என்றான். அப்படியே போட்டார்கள்.

கடைசிக் கல்லைச் சுற்றி மண் இறுக்கினதும் அண்ணை றஜனி அக்காவைப் பார்த்து, "தங்கச்சி, தண்ணி கொஞ்சம் தாங்கோ" என்று தானாகவே கேட்டார். கிணறு தூர்ந்து கிடந்தது. வேனில் கொண்டுவந்த பிளாஸ்ரிக் போத்தல் தண்ணீர்தான் இருந்தது, அதுவும் வெயிலில் சுடுதண்ணீராகி. போத்தல் முடியுமட்டும் குடித்தாராம். அக்கா இதை எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

கலியாணம் அடுத்த வைகாசியில் புறநகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாய்மாமனாக ஐங்கரன் பட்டுவேட்டியோடு நின்றான். மாலையும் பூவும் என் கடையிலிருந்து போனது. அண்ணை பந்தியில் இருந்து வடிவாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து ஐங்கரன் வீட்டு மேசையில் ஒருதரம், றஜனி அக்கா பக்கத்தில் ஒருதரம் என்று பாயாசம் குடித்ததில், தில்லைநாயகி அக்காவிடம் ஏச்சும் வாங்கினார். சஞ்சீவன் அவருக்குப் பக்கத்தில் இருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

அதன்பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. சீனி வருத்தம் சிறுநீரகத்தைப் பிடித்தது. போன மாசியில் ஆஸ்பத்திரியில் காலமானார். யானிக்கும் வந்து வணங்கிவிட்டுப் போனார். நான் அவரைக் கடைசியாகக் கண்டது அதற்குக் கொஞ்சநாள் முந்தி. ஐங்கரன் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு, நடக்கக் கஷ்டப்பட்டு என்னிடம் வந்தார். மெத்ரோப் படிவரை பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். படியடியில் பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்:

"ஐங்கரன்ரை மிளகாய்த்தூள் சரியில்லை, தம்பி. உறைப்பே இல்லை. ஆனால் அவனுக்குச் சொல்லிப்போடாதையும். இனி அதைத்தான் வாங்கோணும், சொந்தக்காரனெல்லோ."